தர்ஷினி ஒண்ணுக்குப் போயிருக்கா

போன வாரம் தமிழரசி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் அங்கன்வாடிக்கு வேலைக்கு வந்த பெண். நல்ல பெண், கொஞ்சம் அவசரக்காரி. இப்போதெல்லாம் பிள்ளைகளின் முகத்தைச் செல்போனில் படம் பிடித்துத்தான் வருகை போட வேண்டுமாம்.

“ஒரு புள்ள ஊருக்குப் போயிருக்குது டீச்சர். பழைய போட்டோவக் காட்டினாலே செல்லு ஏத்துக்குது. ரெண்டு நாளைக்கு அப்படியே போட்டுக்கட்டுமா? உங்க காலத்துல எல்லாம் எப்படிப் பண்ணுவீங்க?”

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். என்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். எங்கள் காலத்தில் எப்படிப் பண்ணினோம் என்பது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதியே கொடுத்துவிடுகிறேன். அவளும் படிக்கட்டும், புதிதாக வேலைக்கு வந்திருக்கிற மற்ற பெண்களும் படிக்கட்டும்.

நான் வேலைக்கு வந்தபோது பன்னிரண்டாவது முடித்து, கல்யாணமாகி, இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. பயிற்சியில் எடை போடுவது, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பது, சத்துமாவு பிசைவது, கையைக் காலை ஆட்டிப் பாடுவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்குப் பாட்டு வராது, கத்த வரும். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் பெண்ணாடம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற குரல் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

பெற்றவர்கள் வந்தால் அ, ஆ சொல்லிக் கொடுத்தாயிற்றா என்றுதான் கேட்பார்கள். அதை ஒன்றாம் வகுப்பு டீச்சர் பார்த்துக்கொள்வார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அம்மாவின் முந்தானையை விடப் பழக வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று “உள்ளேன் டீச்சர்” என்று சொல்ல வேண்டும். ஒண்ணுக்கு வந்தால் சுண்டுவிரலைத் தூக்கிக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் பிழைத்துக்கொள்ளும். இதில் ரொம்பக் கஷ்டமானது பெயருக்குப் பதில் சொல்வதுதான். வீட்டில் குட்டிம்மா, பாப்பா என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு, நோட்டில் இருக்கிற பெயர் தன்னுடையது என்று உறைக்கவே ஒரு மாதம் ஆகும். தினமும் பத்து மணிக்குப் பெயர் கூப்பிடும்போது நான் அவசரப்படவே மாட்டேன்.

எங்கள் மையம் செராமிக் பேட்டையை ஒட்டி ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. முன்பு பக்கத்துக் கம்பெனியின் ஆபீஸ் அறையாம். கொலு பொம்மையும் கப்பும் செய்கிற சின்னக் கம்பெனி. அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர். பழைய குழாய் ஒன்றை அறுத்து எடுத்த ஓட்டை அந்தச் சுவரின் அடியில், தரையோடு தரையாக இருந்தது. ஆயா அஞ்சலை அதில் துணியை அடைப்பாள். மறுநாள் துணி வெளியே கிடக்கும். எலி வேலை என்று நினைத்தோம். காலையில் பெருக்கிப் பச்சைப் பாய் விரித்தால் ஒரு மணி நேரத்தில் வெள்ளைத் தூசி படிந்துவிடும். பிள்ளைகள் எழுந்து போனால் அவர்கள் உட்கார்ந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரியும்.

நான் சொல்ல வந்தது நடந்த வருஷம் பிள்ளைகள் குறைந்துபோனார்கள். இன்னும் ஒன்று குறைந்தால் மையத்தை மூடிப் பக்கத்து மையத்தோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. அப்போதுதான், ஜூன் மாதம், மாலா என்ற பெண் தன் பிள்ளையின் பெயரைப் பதிய வந்தாள். புருஷன் பெண்ணாடம் பக்கம் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர், வாரத்துக்கு ஒருநாள் வந்தால் உண்டு. இவளுக்குக் கம்பெனியில் சுடாத பச்சைப் பொம்மைக்குப் பிசிறு எடுக்கிற வேலை. பிள்ளை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை, இரட்டைச் சடையை மட்டும்தான் பார்த்தேன்.

“பேரு தர்ஷினி. மூணரை வயசு ஆவுது. திங்கக்கெழமையிலேர்ந்து கண்டிப்பா அனுப்புறேன் டீச்சர்.”

திங்கட்கிழமை வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. எண்ணிக்கை குறையக் கூடாதென்று நான் அவள் பெயருக்கு வருகை போட்டேன். முதல் நாள் போடும்போது கை கொஞ்சம் தயங்கியது. ஒரு வாரத்துக்குப் பிறகு தயக்கமும் போய்விட்டது. எல்லா மையத்திலும் நடப்பதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும் என்பது விதி. நோட்டில்தான் தினமும் வருகிறாளே, நான் எதற்காகப் போக வேண்டும்? போகவே இல்லை.

சூப்பர்வைசர் மேடம் திடீரென்று வந்து பெயர் கூப்பிட்டால்? அதற்கும் நான் ஒரு வழி செய்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளையே பழக்கினேன்.

“மேடம் வந்து தர்ஷினின்னு கூப்பிட்டா என்னா சொல்லணும்?”

“ஒண்ணுக்குப் போயிருக்கா!”

தினமும் பாட்டு மாதிரி சொல்ல வைத்தேன். எவ்வளவு கத்தியும் மண்டையில் ஏறாத பிள்ளைகள் இந்த ஒன்றை மட்டும் பிசகாமல் கற்றுக்கொண்டார்கள்.

ஆடி கழிந்து, கொலு பொம்மைக்காகக் கம்பெனியில் வேலை மும்முரமாக இருந்த சமயம். ஒருநாள் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தர்ஷினி என்றேன். பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, ஒரு குரல் மட்டும் பிந்தி வந்தது.

“ஒண்ணுக்குப் போயிருக்கா டீச்சர்.”

நிமிர்ந்து பார்த்தேன். யாருடைய வாயும் அசையவில்லை. யார் சொன்னது என்றேன். ஒரு வாண்டு சாதாரணமாகக் கையை நீட்டியது.

“செவுரு சொல்லுது டீச்சர்.”

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். வாயும் உண்டு என்று யாரும் சொன்னதில்லை. நான் சிரித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அதன் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்தச் சுவரோரம் பாயில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடத்தில் பிள்ளைகள் யாரும் உட்காருவதில்லை. இடித்துக்கொண்டு நெருக்கி உட்கார்ந்தாலும் அதை விட்டுவிடுகிறார்கள். அங்கே போய் உட்காரு என்று ஒருத்தியைத் தள்ளினேன். அவள் நகரவில்லை.

“அது தர்ஷினி எடம் டீச்சர்.”

அஞ்சலை அன்றைக்கே ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வாசலில் வைத்தாள். நான் அவளைத் திட்டினேன். நான் அப்படியெல்லாம் பயப்படுகிறவள் இல்லை என்று ஊருக்கே தெரியும். ஆனால் வருகை போடும்போது அந்தப் பெயருக்கு நேரே வந்தால் பேனாவை அழுத்திப் போட முடியவில்லை. வராத ஒரு பிள்ளையை நாமே தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது வந்துவிட்டதோ என்று தோன்ற ஆரம்பித்தது. யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? சொன்னால் பொய் வருகை போட்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் மத்தியானம். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு வரிசையாகப் படுத்திருந்தார்கள். அஞ்சலை பாத்திரம் கழுவப் பின்பக்கம் போயிருந்தாள். வெயில் வாசலில் அசையாமல் நின்றது. கம்பெனியிலும் சாப்பாட்டு நேரம், மெஷின் சத்தம் நின்றிருந்தது. நான் நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். தரையோரமாக ஒரு சின்னக் குரல் கேட்டது.

“கண்ண மூடு. மூடலன்னா மேடம் வந்து ஊசி போடுவாங்க. ஏய், அங்க யாரு நெளியறது? காலு ரெண்டும் நீட்டு.”

அது நான் பேசுவது. தினமும் அந்த நேரத்தில் நான் சொல்கிற வார்த்தைகள், நான் இழுக்கிற இழுப்பு, நடுவில் நான் விடுகிற பெருமூச்சுகூட இருந்தது. குரல் மட்டும் மூன்று நான்கு வயசுக் குரல். பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். தூங்குகிற பிள்ளைகளை எண்ணினேன். சரியாக இருந்தது. மறுபடி எண்ணினேன். அப்போதும் சரியாகவே இருந்தது, ஆனால் பேசினது அதில் யாரும் இல்லை.

மறுநாளிலிருந்து மத்தியானத்தில் நான் வாயைத் திறப்பதில்லை. அஞ்சலையைத் தூங்க வைக்கச் சொல்லிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மெலிந்த உடம்பு, காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை. வந்ததும் உள்ளே வர மாட்டார். வாசலில் கிடக்கிற சின்னச் செருப்புகளை ஜோடி ஜோடியாக எண்ணுவார். “உள்ள எத்தன புள்ளன்னு செருப்பு சொல்லிடும், அது நமக்கு வேண்டியவங்க, வேண்டாதவங்க பாக்காதும்மா” என்பார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். பாயில் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். திட்டவே மாட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு காலையில் அவர் வந்தார். செருப்புகள் நனைந்து கிடந்தன, எண்ணினார். உள்ளே வந்து உட்கார்ந்தார். நோட்டை வாங்கிக்கொண்டார். அன்றைய வருகையை நான் அப்போதுதான் போட்டு முடித்திருந்தேன். மெதுவாக ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பிள்ளைகள் எழுந்து நின்று “உள்ளேன் மேடம்” என்றார்கள்.

“தர்ஷினி.”

“ஒண்ணுக்குப் போயிருக்கா மேடம்!” எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“ஒண்ணுக்குப் போயிருக்கா டீச்சர்” என்றது சுவர்.

மேடம் என்னைப் பார்த்தார். “அப்படியாம்மா?”

“ஆமா மேடம்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“சரி. வரட்டும்.”

பேனாவை மூடி நோட்டின் மேல் வைத்தார். காத்திருந்தார். பிள்ளைகளும் காத்திருந்தார்கள். அந்தக் காலி இடத்தை மேடம் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பிள்ளைகூடச் சிணுங்கவில்லை. அவர்கள் எல்லாரும் தர்ஷினி வந்துவிடுவாள் என்று நிஜமாகவே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். அந்த இரட்டைச் சடையோடு, முகம் இல்லாமல் ஏதோ ஒன்று படியேறி வந்து நிற்கும் என்று அந்த நிமிஷம் நான் நம்பினேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“மேடம், அந்தப் புள்ள வரல. இன்னிக்கு மட்டும் இல்ல, ஒருநாளும் வந்ததில்ல. நாந்தான் பொய்யா போட்டுக்கிட்டு வரேன்.”

வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன். மேடம் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப பேசினது யாரும்மா?”

நான் சுவரைக் காட்டினேன். மேடம் நகர்ந்து போய், புடவை அழுக்காவதைப் பார்க்காமல் தரையில் குனிந்து, அந்த ஓட்டையில் காதை வைத்தார்.

“தர்ஷினி. நீ எங்க இருக்க?”

குசுகுசுவென்று பதில் வந்தது. “சத்தம் போடக் கூடாது.”

மேடம் முகம் மாறிவிட்டது. “பேய் இல்லம்மா, புள்ளம்மா” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார். அந்த அம்மா ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கம்பெனிப் பின்பக்கம் அச்சு வைக்கிற அறை. வெளியே தாழ் போட்டிருந்தது. திறந்தோம். சுவர் முழுக்கப் பலகைகள், பலகை முழுக்கப் பொம்மை அச்சுகள். பிளாஸ்டர் அச்சில் முகம் உள்பக்கமாகக் குழிந்து இருக்கும். ஆனால் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்த முகம் நம்மைத் திரும்பிப் பார்க்கிற மாதிரியே இருக்கும். அந்த நூறு முகங்களுக்குக் கீழே, எங்கள் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் எங்கள் மையத்துச் சுண்டல் நாலைந்து கிடந்தது. ஓட்டை வழியாகப் பிள்ளைகள் போட்டது. எங்களைப் பார்த்ததும் அழவில்லை, ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டது.

மாலா ஈரக் கையோடு ஓடி வந்து காலில் விழுந்தாள். “சத்தம் போடாதீங்க மேடம். மொதலாளிக்குத் தெரிஞ்சா வேலைக்கு வராதன்னுடுவாரு. புள்ளைங்கள உள்ள இட்டாரக் கூடாதுன்னு கண்டிஷனு.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பயந்த பயமெல்லாம் கோபமாக வந்தது. “பக்கத்துலயே பால்வாடி இருக்குது. அங்க உட வேண்டியதுதான? புள்ளய இப்படிப் பூட்டி வெப்பாங்களா?”

“மூணரைக்கு உட்டுடுவீங்க டீச்சர். எனக்கு வேலை முடிய ஆறு ஆவும். நடுவுல யாருகிட்ட உடறது? கேக்கலாம்னு ரெண்டு வாட்டி உங்க வாச வரைக்கும் வந்தேன். நீங்க உள்ள தர்ஷினி ஒண்ணுக்குப் போயிருக்கான்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தீங்க. சரி, இவங்களுக்கும் புள்ள வேணாம்போலன்னு திரும்பிட்டேன்.”

இந்த வேலையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை.

ஏற்பாடு சுலபமாக முடிந்தது, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். மூன்றரையிலிருந்து ஆறு மணி வரை தன் வீட்டில் வைத்துக்கொள்வதாக அஞ்சலை சொன்னாள். எலுமிச்சம்பழம் அறுத்த அதே அஞ்சலைதான். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஜூன் மாதமே சொல்லியிருப்பாள். மேடம் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் நெஞ்சைப் பரிசோதித்துக் கூட்டி வந்தார். தூசியால் இருமல்தான், மருந்தில் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகியும் விட்டது.

தர்ஷினி மையத்துக்கு வந்தாள். என் வேலையில் நான் பார்த்த கஷ்டமான பிள்ளை அவள்தான். எல்லாப் பாட்டும் தெரியும், எல்லாப் பிள்ளைகளின் பெயரும் நோட்டில் இருக்கிற வரிசையிலேயே தெரியும். ஆனால் முகம் ஒன்றும் தெரியாது. யாராவது பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். அவர்கள் பேசின பிறகு யாரென்று கண்டுபிடித்துத்தான் கண்ணைத் திறப்பாள். பாட்டுப் பாடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். மயில் படத்தைக் காட்டினால் இது என்ன என்பாள், மயில் பாட்டை என்னைவிட நன்றாகப் பாடுகிறவள்.

அவளைத் தர்ஷினி என்று கூப்பிட்டால் என் கண் முன்னாலேயே எழுந்து நின்று, “ஒண்ணுக்குப் போயிருக்கா டீச்சர்” என்பாள். அந்தப் பெயருக்குப் பதில் அதுதான் என்று அவள் கற்றிருந்தாள். தன்னைப் பற்றிப் பேசினால் அவள் என்றுதான் சொல்வாள். “அவளுக்குப் பசிக்குது டீச்சர்.” யாருக்கு என்று கேட்டால் காலி இடத்தைக் காட்டுவாள். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்படியே பள்ளிக்கூடம் போனால் புத்தி சரியில்லாத பிள்ளை என்று ஒரு ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன். கண்ணாடியைக் காட்டினேன். அவள் கையைப் பிடித்து அவள் நெஞ்சிலேயே வைத்து இதுதான் தர்ஷினி என்றேன். எதுவும் ஏறவில்லை.

என்மேல் மேடம் மேலிடத்துக்கு எழுதினார். மெமோ வந்தது, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன். பிள்ளையைக் கண்டுபிடித்தபோது உண்மையைச் சொன்னார் என்று மேடம் ஒரு வரி சேர்த்ததால் வேலை தப்பியது. ஆனால் அவர் ஒரு காரியம் வைத்தார். பொய்யாகப் போட்ட ஒவ்வொரு நாளையும் சிவப்பு மையால் அடித்து, ‘வரவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். மொத்தமாக ஒரு கோடு இழுக்கக் கூடாது. “ஒவ்வொரு நாளாத்தான போட்டீங்க? ஒவ்வொரு நாளாத்தான் திருத்தணும்மா” என்றார்.

தர்ஷினி மையத்துக்கு வந்து மூன்றாவது வாரம். மத்தியானம், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தரையில் உட்கார்ந்து ஜூன் மாதத்திலிருந்து ஆரம்பித்தேன். வரவில்லை, கையெழுத்து. வரவில்லை, கையெழுத்து. எழுத எழுத மனசு லேசானது, அதை மறைக்கவில்லை. தலையில் இருந்த பாரத்தை ஒவ்வொரு செங்கல்லாக இறக்குகிற மாதிரி இருந்தது. தர்ஷினி தூங்கவில்லை. எழுந்து வந்து என் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

“என்னா எழுதுறீங்க டீச்சர்?”

பிள்ளையிடம் இனிமேல் பொய் எதற்கு என்று நினைத்தேன். “இந்த நாளெல்லாம் நீ வரலல்ல, அத எழுதுறேன்.”

அவள் நோட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கண்ணை மூடாமல் பார்த்தாள்.

“நான் வந்தேன்.”

முதல்முறையாக ‘நான்’ என்று சொன்னாள். எனக்குக் கை நின்றுவிட்டது.

“நான் டெய்லியும் வந்தேன் டீச்சர். நீங்க மயில் பாட்டு பாடுனப்ப வந்தேன். கார்த்தி வாந்தி எடுத்தான்ல, அன்னிக்கு வந்தேன். நீங்க பேரு கூப்புட்டீங்க, நான் சொன்னேன். உங்களுக்குக் கேக்கல?”

எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அழுகை வந்துவிட்டது. அவள் என் பேனாவைத் தொட்டாள்.

“வந்தேன்னு எழுதுங்க.”

“சரி கண்ணு. எழுதுறேன்” என்றேன்.

அவள் என் கையில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் ஒவ்வொரு நாளாக, வரவில்லை, வரவில்லை என்று ஐப்பசி வரைக்கும் எழுதி முடித்தேன். அவளுக்கு அப்போது படிக்கத் தெரியாது.